வில்லை ஒன்று, காட்சி வேறு



மொழிக்கென அமைந்த ஒரு மன்றத்தின் மேடையில் கேமராவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது பொருந்துமா என்ற ஐயம் உங்களுள் சிலருக்கு எழலாம். நான் இப்பொருளைத் தேர்ந்துகொண்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நாம் பிறந்து வளர்ந்த தோட்டங்களின் லயங்களும் கோயில்களும் பள்ளிக் கட்டடங்களும் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. அவற்றைப் படமெடுத்து வைக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமுமே வந்து சேர்ந்திருக்கிறது. இது முதற்காரணம். அப்பணியில் அடிக்கடி நேரும் ஒரு பிழைக்குக் கருவியைவிடச் சொல்லே பெரிதும் காரணமாயிருக்கிறது என்பது இரண்டாவது. சொல்லால் நேர்ந்த பிழையைச் சொல்லால் திருத்துவது மொழி மன்றத்தின் வேலைதானே.

ஒரு லயமும் இரண்டு படங்களும்

புக்கிட் செலம்பாவைச் சுற்றியிருந்த தோட்டங்களுள் ஒன்றில் என் இளமைக் காலம் கழிந்தது. நாங்கள் குடியிருந்த லயத்தை என் தந்தையார் 1978ஆம் ஆண்டில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைப் படம். நான்கு வாசல்கள் கொண்ட லயம் முழுவதும் அதில் விழுந்திருந்தது. இடக்கோடியில் முருங்கை மரம். வலக்கோடியில் தண்ணீர்க் குழாய். கூரைக்கு மேலே, தொலைவில், ஜெராய் மலை சிறியதாகத் தெரிந்தது.

பல்லாண்டுகள் கழித்து, அந்த லயத்தை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதே இடத்திலிருந்து அதே படத்தை மீண்டும் எடுக்க விரும்பினேன். தந்தையார் பயன்படுத்திய 50 மில்லிமீட்டர் வில்லை என்னிடம் இருந்தது. அதை என் டிஜிட்டல் கேமராவில் பொருத்த முடிந்தது. அவர் நின்ற இடமும் எனக்குத் தெரியும்: வடிகாலின்மேல் போட்டிருந்த சிமெண்டுப் பலகை. லயத்திலிருந்து ஏறத்தாழ 20 மீட்டர். இடம் அதுவே, வில்லையும் அதுவே; ஆகவே படமும் அதுவாகவே அமையும் என்று நம்பிச் சென்றேன்.

கேமராவின் வழியே பார்த்தபோது முருங்கை மரத்தையும் காணவில்லை, குழாயையும் காணவில்லை. நான்கு வாசல்களுள் நடுவிலிருந்த இரண்டும், அவற்றின் இருபுறமும் சிறிது சுவருமே தெரிந்தன. எனக்குத் தோன்றிய வழி பின்னால் நகர்வது. செம்மண் சாலைவரை பத்து மீட்டர் பின்வாங்கினேன். முருங்கையும் குழாயும் சட்டகத்துக்குள் வந்தன. படத்தை எடுத்துக்கொண்டு நிறைவோடு வீடு திரும்பினேன்.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்த என் சகோதரியின் மகன் கேட்ட கேள்வி இது: “மாமா, மலை வளர்ந்துவிட்டதா?”

அவன் கேட்டது சரியே. லயம் இரண்டு படங்களிலும் ஒரே அகலத்தில் இருந்தது. ஜெராய் மட்டும் புதிய படத்தில் ஒன்றரை மடங்கு பெரிதாய்க் கூரைக்கு மேல் எழுந்து நின்றது. 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலை இடைப்பட்ட காலத்தில் ஓரடியும் வளரவில்லை. என் படம்தான் எங்கோ பொய் சொல்லியிருந்தது. அது எங்கே என்று தேடியதன் விளைவே இன்றைய உரை.

திடலில் கட்டிய வெள்ளைத் துணி

தோட்டத்துத் திடலில் படம் காட்டிய காலத்தை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு கம்பங்களுக்கு இடையே வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். எதிரே உள்ள கருவியிலிருந்து ஒளி புறப்பட்டுத் துணியில் விழும். ஒரு நாள் பெரிய துணி கிடைக்காமல் சிறிய துணியைக் கட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவி அதே இடத்தில் அதே அளவில்தான் ஒளியை வீசுகிறது. துணியில் காட்சியின் நடுப்பகுதி மட்டும் விழும். ஓரத்தில் நிற்பவர்கள் துணிக்கு வெளியே இருட்டிலும் மரங்களிலும் போய் விழுவார்கள். துணி சிறுத்ததால் நடுவிலிருக்கும் கதாநாயகனின் முகம் பெரிதாவதுமில்லை, சிறிதாவதுமில்லை.

கேமராவினுள் நடப்பதும் இதுவே. வில்லை தனக்குப் பின்னால் வட்டமான ஒரு பிம்பத்தை வீசுகிறது. அதனைப் பிம்ப வட்டம் எனலாம். அவ்வட்டத்தின் நடுவில் முன்பு படச்சுருள் இருந்தது. இப்போது அவ்விடத்தில் சென்சார் எனப்படும் ஒளி உணரி இருக்கிறது. உணரி எவ்வளவு பெரிதோ அவ்வளவு காட்சியே பதிவாகும். என் தந்தையாரின் படச்சுருளில் ஒரு படத்தின் அளவு 36க்கு 24 மில்லிமீட்டர். என் கேமராவின் உணரி 24க்கு 16 மில்லிமீட்டர் அளவினது. நுட்பமாகச் சொன்னால் அதைவிடவும் ஒரு நூல் குறைவு. துணி சிறியதாகிவிட்டது, அவ்வளவுதான். வில்லை தன் பணியில் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை.

சிறிய உணரியில் விழுந்த நடுப்பகுதியைப் பிறகு பழைய படத்தின் அளவுக்கே தாளில் அச்சிடுகிறோம். அப்போது அது கூடுதலாகப் பெரிதாக்கப்படுகிறது. இதைப் பார்ப்பவர், வில்லையே தொலைவிலுள்ளதை இழுத்துக் காட்டுகிறது என்று எண்ணிவிடுகிறார்.

கணக்கு எளியது

கணிதம் பயிலும் மாணவர்கள் இதனை ஒத்த முக்கோணங்களைக் கொண்டே கண்டறியலாம். வில்லைக்கு முன்னால் ஒரு முக்கோணம், பின்னால் ஒரு முக்கோணம். முன்னுள்ளதன் உயரம் பொருளின் தொலைவு. பின்னுள்ளதன் உயரம் குவியத் தொலைவு. எனவே, சட்டகத்துள் அடங்கும் காட்சியின் அகலத்தைக் காண, பொருளின் தொலைவை உணரியின் அகலத்தால் பெருக்கிக் குவியத் தொலைவால் வகுத்தால் போதும்.

என் தந்தையாரின் கணக்கு: 20 மீட்டரை 36ஆல் பெருக்கி 50ஆல் வகுத்தால் 14.4 மீட்டர். லயம் முழுவதும் அடங்கிற்று. என் கணக்கு: 20 மீட்டரை 24ஆல் பெருக்கி 50ஆல் வகுத்தால் 9.6 மீட்டர். இரண்டு பக்கங்களிலுமாகச் சேர்த்து ஏறத்தாழ ஐந்து மீட்டர் போயிற்று. முருங்கையும் குழாயும் அந்த ஐந்து மீட்டரில்தான் இருந்தன. நான் 30 மீட்டருக்குப் பின்வாங்கியதும் மீண்டும் 14.4 மீட்டர் கிடைத்தது.

பார்வைக் கோணத்தையும் இவ்வாறே காணலாம். உணரியின் அகலத்தில் பாதியைக் குவியத் தொலைவால் வகுத்து, அதற்குரிய டான் கோணத்தைக் கண்டு, இருமடங்காக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் வில்லைக்கு 36 மில்லிமீட்டர் அகலத்தில் 40 பாகையும், 24 மில்லிமீட்டர் அகலத்தில் 27 பாகையும் வரும். ‘ஃபோர் தேர்ட்ஸ்’ எனப்படும் 17.3 மில்லிமீட்டர் அகல உணரியில் 20 பாகை.

இங்கே ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. காட்சியின் அகலம் சரியாக ஒன்றரையால் குறைகிறது. கோணம் அவ்வாறு குறைவதில்லை. 18 மில்லிமீட்டர் வில்லையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய உணரியில் அதன் கோணம் சரியாக 90 பாகை. ஒன்றரையால் வகுத்தால் 60 வரும். ஆனால் சிறிய உணரியில் உண்மையான கோணம் 67 பாகை. குறுகிய கோணங்களில் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. அகன்ற கோணங்களில் தெரியும். கோணத்தை நேரே வகுக்கும் மாணவருக்கு அங்கே விடை தவறும்.

சிறிய உணரி ஏன் வந்தது?

36க்கு 24 என்ற அளவு எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கார் பார்னாக், திரைப்படச் சுருளை நிழற்படத்துக்குப் பயன்படுத்தினார். திரைப்படத்தின் ஒரு சட்டகம் 18க்கு 24 மில்லிமீட்டர். அவர் அதனை இரட்டிப்பாக்கினார். அவருடைய லைக்கா கேமரா 1925இல் லைப்சிக் வணிகக் காட்சியில் மக்கள் பார்வைக்கு வந்தது. கண்ணாடித் தகடுகளில் படமெடுத்துப் பழகியவர்களுக்கு அது மிகச் சிறிய அளவாகத் தோன்றிற்று. காலப்போக்கில் அதுவே உலக வழக்காயிற்று.

டிஜிட்டல் காலம் வந்தபோது அந்த அளவிலேயே உணரிகளைச் செய்வது பெருஞ்செலவாயிருந்தது. சிலிக்கன் வட்டிலிலிருந்து உணரிகளை வெட்டி எடுக்கிறார்கள். உணரி பெரிதானால் ஒரு வட்டிலில் கிடைக்கும் எண்ணிக்கை குறையும். ஒவ்வொன்றிலும் பழுது நேரும் வாய்ப்பும் கூடும். ஆகவே 1999இல் வந்த நிக்கான் டி1 கேமராவும் அடுத்த ஆண்டில் வந்த கேனன் டி30 கேமராவும் சிறிய உணரிகளையே கொண்டிருந்தன. அதே வேளையில், வாடிக்கையாளர்களிடம் இருந்த பழைய வில்லைகளை வீணாக்கவும் அந்நிறுவனங்கள் விரும்பவில்லை. நிக்கான் 1959ஆம் ஆண்டின் பொருத்துவாயையே தொடர்ந்தது. இவ்வாறு பெரிய சட்டகத்துக்கென வடித்த வில்லைகள் சிறிய உணரியின் முன் வந்து அமர்ந்தன. என் கையில் நிகழ்ந்ததும் அதுவே.

மலை எப்படி வளர்ந்தது?

இனி, அந்தச் சிறுவனின் கேள்விக்கு வருகிறேன்.

நான் பத்து மீட்டர் பின்வாங்கியபோது லயத்துக்கும் எனக்கும் இடையிலிருந்த தொலைவு 20இலிருந்து 30ஆக, ஒன்றரை மடங்கு ஆயிற்று. பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜெராய்க்கு அந்தப் பத்து மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. எனவே என் கண்ணுக்கு லயம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கிற்று, மலை சுருங்கவில்லை. பிறகு லயத்தைப் பழைய படத்தின் அகலத்துக்கே அச்சிட்டபோது, மலையும் அதனுடன் சேர்ந்து ஒன்றரை மடங்கு பெரிதாயிற்று.

ஒரு படத்தில் எது பெரிது, எது சிறிது, எது எதை மறைக்கிறது என்பவற்றை முடிவு செய்வது நாம் நிற்கும் இடம். வில்லையும் உணரியும் சேர்ந்து முடிவு செய்வது, அக்காட்சியில் எவ்வளவைச் சட்டகத்துள் எடுத்துக்கொள்கிறோம் என்பதை மட்டுமே. உணரி சிறுத்ததால் என் படம் பொய்யாகவில்லை. அதனை ஈடு செய்ய நான் இடம் மாறியதால் பொய்யாயிற்று. சிமெண்டுப் பலகையிலேயே நின்றுகொண்டு, குவியத் தொலைவை ஒன்றரையால் குறைத்து, 33 மில்லிமீட்டர் அளவில் எடுத்திருந்தால் தந்தையாரின் படமே மீண்டும் கிடைத்திருக்கும். பெரும்பாலான கேமராக்களுடன் கொடுக்கப்படும் 18 முதல் 55 மில்லிமீட்டர்வரை மாறும் வில்லையில் அது முடியும். அவ்வில்லை அன்று என் பையிலேயே இருந்தது. “இந்தக் கேமராவில் 50 என்பது 75 ஆகிவிடும்” என்று எங்கோ படித்ததை மனத்தில் வைத்துக்கொண்டு, வில்லையே மாறிவிட்டதாக எண்ணிப் பின்வாங்கியவன் நான்.

பிழையை உணர்ந்து மறுபடியும் அங்கே சென்றபோது லயம் இல்லை. நிலத்தைச் சமன்படுத்தியிருந்தார்கள். வடிகாலின்மேல் இருந்த சிமெண்டுப் பலகையையும் காணவில்லை.

பெயர்கள் செய்யும் குழப்பம்

இத்துறையில் வழங்கும் பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். ‘35 மில்லிமீட்டர் கேமரா’ என்கிறோம். அதன் படத்தில் எந்தப் பக்கமும் 35 இல்லை. அது ஓரத் துளைகளையும் சேர்த்த சுருளின் அகலம். ‘ஓரங்குல உணரி’ என்று விற்கிறார்கள். அதன் அளவு 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மில்லிமீட்டரைத் தாண்டாது. முற்காலத் தொலைக்காட்சிக் கேமராவில் இருந்த கண்ணாடிக் குழலின் வெளி விட்டத்தைக் கொண்டு வைத்த பெயர் அது. குழல் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. ‘முழுச் சட்டகம்’ என்பதும் அத்தகையதே. 1925இல் சிறியது எனக் கருதப்பட்ட அளவு இன்று முழுமை என்ற பெயரைப் பெற்றிருக்கிறது.

கைப்பேசி விளம்பரங்களில் ‘26 மில்லிமீட்டர்’ என்று போட்டிருக்கும். அந்த மெல்லிய கைப்பேசிக்குள் அவ்வளவு குவியத் தொலைவுள்ள வில்லையை எங்கே வைப்பது? உண்மையில் அது ஆறேழு மில்லிமீட்டர் அளவினதாகவே இருக்கும். 36க்கு 24 சட்டகத்தில் 26 மில்லிமீட்டர் வில்லை தரும் கோணத்தை இதுவும் தருகிறது என்பதே அந்த எண்ணின் பொருள்.

தமிழில் எழுதுவோர் சிலர் ஒன்றரை என்ற அந்த எண்ணைக் ‘குவியத் தொலைவுப் பெருக்கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். குவியத் தொலைவு பெருகுவதே இல்லை. அது வில்லையின் வளைவாலும் கண்ணாடியின் தன்மையாலும் அமைவது. பின்னால் எதை வைத்தாலும் மாறாதது. ‘வெட்டுக் காரணி’ என்பது அதைவிட நல்ல சொல். மாணவர்க்குக் கற்பிக்க நான் ‘சட்டக விகிதம்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். இரண்டு சட்டகங்களை ஒப்பிடுகிறோம் என்பதை அச்சொல்லே உணர்த்திவிடும். இதனினும் சிறந்ததை இம்மன்றத்தார் வகுத்தால் மகிழ்வேன். வில்லை மாறியதென்று பொருள்படும் சொல் மட்டும் வேண்டா என்பதே என் வேண்டுகோள்.

தஞ்சையில் ஒருவர் செய்தது

சட்டகத்துள் அடங்காத ஒன்றைப் படமெடுப்பது புதிய சிக்கலன்று. லின்னியஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பெற்று, 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அவருடைய கேமராவில் இட்ட தாள் ஓரடிக்கும் அதிக அகலமானது. இன்றைய உணரிகளை அதன் அருகில் வைத்தால் அஞ்சல்தலைபோல் தோன்றும். ஆயினும் அச்சுவர் முழுவதையும், எழுத்துகள் படிக்கும்படியாக, ஒரே சட்டகத்தில் அடக்க எந்த அளவும் போதாது.

பின்வாங்கினால் சுவர் அடங்கும், எழுத்துகள் மறைந்துவிடும். அவர் பின்வாங்கவில்லை. சுவரையொட்டி நகர்ந்து நகர்ந்து, பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றாக இணைத்தார். அந்நெடும்படத்தின் நீளம் 19 அடிக்கு மேல். அக்கோயிலின் கல்வெட்டுகளுள் ஒன்றில்தான் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு கூறப்படுகிறது. நாம் நிற்கும் இந்தக் கெடா மண்ணையே அப்பெயர் குறிக்கிறது என்பது பலரும் ஏற்ற கருத்து. அதனால் அக்கோயிற் சுவர்களை ஒருவர் பொறுமையாகப் பதிவு செய்தார் என்னும் செய்தி நமக்கு அயலானதன்று.

அவர் வழி நமக்கும் உதவும். அகன்ற வில்லை இல்லாத மாணவர், நின்ற இடத்திலேயே நின்று, கேமராவைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒன்றன்மேல் ஒன்று ஓரளவு படியும்படி மூன்று நான்கு படங்கள் எடுத்து இணைக்கலாம். தட்டையான சுவருக்கு டிரைப் செய்ததுபோல் நகரலாம். முன்னும் பின்னுமாகப் பொருள்கள் நிற்கும் காட்சிக்கு நகராமல் திரும்புவதே சரி. நகர்ந்தால் மரமும் மலையும் தம்முள் இடம் மாறிவிடும். லயத்தின் முன் நின்ற அன்று இந்த வழி எனக்குத் தோன்றியிருக்கலாம்.

நிறைவாக

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர்கள் பழைய படங்களைத் தேடி எடுத்து, அதே இடங்களை மீண்டும் படமெடுக்கும் பணியைச் செய்யட்டும். மெர்போக் சண்டி புக்கிட் பத்து பகாட்டின் கற்களையும் எடுக்கட்டும். தங்கள் தாத்தா பாட்டியர் பால் வெட்டிய தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் ஒற்றைச் சுவரையும் எடுக்கட்டும். முதலில் பழைய படத்தை எடுத்தவர் நின்ற இடத்தைக் காணட்டும். முன்னுள்ள தூண் பின்னுள்ள சன்னலை எவ்வளவு மறைக்கிறது என்பதைப் படத்தோடு ஒப்பிட்டால் அந்த இடம் அகப்படும். இடம் அகப்பட்டபின் காலை அசைக்காமல் வில்லையை மட்டும் மாற்றட்டும்.

ஒவ்வொரு படத்துடனும் நான்கு செய்திகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள்: நாள், நின்ற இடம், வில்லையின் குவியத் தொலைவு, உணரியின் அகலம். குவியத் தொலைவை மட்டும் எழுதினால் போதாது. 50 என்ற எண், உணரியின் அளவு தெரியாதவரை, அகலமான காட்சியா குறுகலான காட்சியா என்று எதையும் சொல்லாது. இந்த நான்கும் இருந்தால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் ஒரு மாணவர், கட்டடமே இல்லாத வெற்று நிலத்திலும், சுவர் எவ்வளவு அகலம், மரம் எவ்வளவு தள்ளி நின்றது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். என் தந்தையார் இவற்றுள் எதையும் எழுதி வைக்கவில்லை. எனினும் அவர் நின்ற இடமும் அவருடைய வில்லையும் எனக்குத் தெரிந்திருந்தன. எனக்குப் பின் வருபவருக்கு அவை தெரியமாட்டா.

அவருடைய படத்தின் பின்புறத்தில் இப்போது இந்த நான்கையும் எழுதியிருக்கிறேன். என் படத்தின் பின்புறத்திலும் எழுதியிருக்கிறேன், அத்துடன், “பத்து மீட்டர் பின்னாலிருந்து எடுத்தது, மலை வளரவில்லை” என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன்.